ஓராலி அக்காவின் கேட்டில் நாலு பூட்டு

பதினெட்டு வருஷம் அவள் வேலியைக் கட்டியவன் நான். கூலி கேட்டதில்லை. நவம்பரில் அவள் நிலத்தில் ஒரு மான் சுட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்து நிலத்து ஓராலி அக்கா ஹூஸ்டன்காரர்களுக்குத் தன் நிலத்தை வேட்டைக் குத்தகைக்கு விட்டாள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

லானோ ஆற்றங்கரையில் பிறந்து அங்கேயே கிழவியானவள். புருஷன் செத்தபிறகும் தனியாளாக மாடு வைத்திருந்தாள். வறட்சியில் அதையும் விற்றாள். கல்லும் சப்பாத்திக் கள்ளியுமான நிலத்தில் மிச்சம் இருந்தது மான்தான்.

"நிலவரி கட்டலேன்னா நிலம் போயிடும், வெல்டன். நீ சுடற மான் வரி கட்டுமா?"

"சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. இப்ப மட்டும் என்ன வாழுது!"

அவள் கேட் சங்கிலியில் ஒரு பூட்டின் வளையத்தில் அடுத்த பூட்டு என்று நாலு கோத்திருக்கும்: அவளுடையது, கரண்ட்காரனுடையது, என்னுடையது, வேட்டைக்காரர்களுடையது. எவன் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடும். வேட்டை சீசன் தொடங்கும் சனிக்கிழமை விடியுமுன் நான் உள்ளே போய், வேட்டைக்காரர்கள் பூட்டைக் கோர்வைக்கு வெளியே தள்ளிப் பூட்டினேன். அதைத் திறந்தாலும் இனிச் சங்கிலி விடாது. அக்கா அன்றைக்குத் தங்கை வீட்டில் இருந்தாள். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர்கள் கேட்டில் நின்றார்கள். உள்ளே நான் சுட்டது அவர்களுக்குக் கேட்டது.

வேறொருவனுக்கும் குத்தகை விட்டு ஏமாற்றிவிட்டாள் என்று முடிவுகட்டித் திரும்பிப் போனார்கள். அவள் சத்தியம் செய்தும் நம்பவில்லை. தீவனக் கடை வரைக்கும் பேச்சுப் பரவியது. அப்புறம் யாரும் குத்தகைக்கு வரவில்லை. ஆற்றோர நிலத்துண்டை விற்றுத்தான் வரி கட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

போன வசந்தத்தில் படுக்கையில் கிடந்தவளுக்குச் சூப் கொண்டுபோனேன்.

"பூட்ட மாத்தினது நீதான்னு தெரியும்டா," என்றாள். "கரண்ட்காரன் மான் சுடறதில்ல."

"ஏன் கேக்கல அக்கா?"

"கேட்டா நீ வேலி கட்ட வரமாட்ட. ஆள் வச்சுக் கட்ட எங்கிட்ட என்ன இருந்துச்சு?"

சூப்பைத் தள்ளிவைத்தாள்.

"மேல்நிலம் மிச்சம் இருக்கு. அதாச்சும் என் பொண்ணு கையில நிக்கணும். குத்தகைக்கு ஆள் வந்தாத்தான் நிக்கும். ஹூஸ்டன்காரங்க நம்பர் அந்த டிராயர்ல இருக்கு. போன் போடு. பூட்டினது நான்தான்னு உன் வாயால சொல்லு. என் காது கேக்க, இப்பவே சொல்லு."