ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர்

எமர்ஜென்சி முடிந்த வருடம். காலை ஏழு மணிக்குச் சேலத்தில் ஆட்டையாம்பட்டி பஸ் ஏறினேன். டிக்கெட் எண்பது காசு. என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டதும் பக்கத்தில் இருந்த பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டுக்குப் போய்விட்டாள். கண்டக்டர் சில்லறை தரும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேசனுக்கு ஆளு புடிக்கப் போறீங்களா?"

இல்லை, நான் மாணவி என்றேன். அவர் சிரித்த விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

சென்னையில் மருத்துவம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். உடன் படித்தவர்கள் இதயத்துக்கும் மூளைக்கும் போட்டி போட, எனக்கோ ஒரு குடும்பத்தை முழுசாகத் தெரிந்த டாக்டராக வேண்டும் என்று ஆசை. நோய் ஏன் எப்போதும் ஒரே தெருவுக்கு முதலில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் விடுமுறையில் தோழியின் பெரியப்பா ஊருக்குக் கிளம்பினேன்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து நாலு மைல் மாட்டுவண்டி. பெரியப்பாவே ஓட்டி வந்தார். தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு வழியெல்லாம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. உபசரிப்பில் குறையே வைக்கவில்லை. ஊரில் எல்லார் வீட்டுக்கும் அவரே கூட்டிப் போனார், காலனியைத் தவிர. அங்கே எல்லாரும் ஜவ்வரிசி மில்லுக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், யாரும் இருக்கமாட்டார்கள் என்றார். ஆளில்லாத இடத்தில் அடுப்பு எப்படிப் புகையும்? மனுஷர் எதையோ மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் சொல்லாமல் காலனிக்கு நடந்தேன். விஷயம் தெரிந்து பெரியப்பா வண்டியோடு பின்னாலேயே வந்துவிட்டார்.

முதல் வீட்டிலேயே பாவாயியைப் பார்த்தேன். இருபது வயசு இருக்கும். மடியில் ஒரு வயசுப் பெண் குழந்தை, முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. கண் குழிவிழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. வயிறு போகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அந்தப் பேச்சுக்கே அவள் முகம் செத்துப்போனது. போன வருடம் ஆபரேஷனுக்கு ஆட்களைப் பிடித்து ஏற்றிப்போன வேன் அங்கிருந்துதான் வந்ததாம்.

அவள் அடுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்தேன். உப்பு அவளுடையது. சர்க்கரை என் பையிலிருந்து வந்தது, அதுதான் வினை. வாசலில் கூடிய பெண்களுக்கு அந்த வெள்ளைப் பொடியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. குடித்தால் பெண்ணுக்குக் கருப்பையே வற்றிவிடும் என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினேன். டாக்டரம்மாவிடம் மாற்று மருந்து இருக்கும் என்றார்கள்.

குழந்தையின் தலை தொங்கத் தொடங்கியிருந்தது. பொறுமை போய், இன்னொரு டம்ளரை ஊற்றி வேலியோரம் நின்ற பெரியப்பாவிடம் நீட்டினேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலனி வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். அது அவர்கள் பிறந்ததிலிருந்து கண்டது. பட்டணத்துப் பெண் முன்னால் அதைச் சொல்ல மனுஷருக்குக் கூச்சம்.

"வேண்டாங்கம்மிணி. எனக்கு அது ஒடம்புக்கு ஆவாது," என்றார்.

வாசலில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நிலத்துக்காரர், பண்ணாடி, அவரே பயப்படுகிறார் என்றால் வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. பெண்கள் பாவாயியை உள்ளே இழுத்தார்கள்.

அவள் கையை உதறினாள். டம்ளரை என்னிடமிருந்து வாங்கி, தானே பாதியைக் குடித்தாள். பிறகு பெண்களைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு இனிமே புள்ள இல்லாட்டிப் போவுது. இவளுக்கும் நாளைக்குப் புள்ள பொறக்காட்டிப் போவுது. இன்னைக்கு இவ இருக்கோணும்."

மீதியைக் கரண்டியால் குழந்தைக்குப் புகட்டினாள். வாந்தி எடுத்தது; மறுபடி புகட்டினாள். பொழுது சாயும்போது குழந்தை மூத்திரம் போய் அவள் மடியை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் அழவும் தெம்பு வந்தது. பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைப் பூட்டினார்.

ஊருக்குத் திரும்பும் அன்று ரோட்டு முனையில் பாவாயி குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தை பனங்கிழங்கு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். பெரியப்பாவின் காதில் விழாதபடி கிட்டே வந்து கேட்டாள்.

"அந்த மருந்து எத்தன நாள்லீங்க வேலை செய்யும்? ஊட்டுக்காரரு பையன் வேணும்னு ஆசையா இருக்காருங்க. அவருகிட்டச் சொல்லோணும்."

அது வெறும் உப்பும் சர்க்கரையும்தான், ஒன்றும் ஆகாது, நீ இன்னும் எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் பெறலாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சரிங்க சாமி," என்றாள், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

சென்னையில் எங்கள் வீட்டில் டாக்டர் கொடுக்கும் மருந்தின் பெயரைக்கூட யாரும் படிப்பதில்லை. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். பஸ் சேலம் போய்ச் சேரும்வரை எனக்கு அதுவே நினைப்பு. அவள் கடைசிவரை என்னை நம்பவில்லை. நம்பாமலே குடித்தாள்.