பருத்திக் காட்டில் மூன்று கால்

இன்று காலை, அரியலூர் பக்கம் ஒரு பருத்திக் காட்டு ஓரம். கேமராவை மூன்று கால் ட்ரைபாடில் நிறுத்தி, இலையில் இருந்த பொறிவண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"யாருங்க அது? சிமெண்ட் கம்பெனியா? அளக்குற வேலையெல்லாம் வேணாம். நெலம் குடுக்குறதா இல்ல!"

காட்டுக்காரம்மா. கையில் களைக்கொத்து.

"பூச்சியத்தாங்க எடுக்குறேன்."

அவர் நம்பவில்லை. கேமராவைக் காட்டினேன். திரை முழுக்கப் பொறிவண்டு, அதன் வாயில் பாதி அசுவினி.

"அட, செடியச் சப்புற அசுவினியவா திங்குது?"

உடனே போனை எடுத்தார். "தம்பி, இன்னைக்கு மருந்தடிக்க வர வேணாம். வண்டே தின்னுக்கிட்டு இருக்கு. ரெண்டு நாள் பாப்போம்."

நான் கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்கும் வாங்க. அந்த மூணுகால மட்டும் கொண்டாராதீங்க, ஊரே கூடிரும்."

ட்ரைபாட் இல்லாமல், கை நடுங்காமல் பொறிவண்டை எடுக்கத் தெரிந்தவர்கள் உடனே கமெண்டுக்கு வரவும்.