பகலில் செத்துப்போகும் டப்பா

அந்த டப்பாவைத் தூக்கிக் கிணற்றில் வீசிவிடலாம் என்று எத்தனையோ தரம் தோன்றியது. மருமகளுக்காகத்தான் விட்டுவைத்தேன். வைஃபை எக்ஸ்டெண்டர் என்று பெயராம். கையகல வெள்ளை டப்பா, இரண்டு கொம்பு, மூன்று குட்டி விளக்கு. வீட்டுக்காரர் போனபிறகு முட்டைக்கோழிப் பண்ணையை ஒண்டியாக நடத்துகிறவள் நான். தீவனக்காரர், முட்டை வியாபாரி எல்லாரும் என் சத்தத்துக்கு அடங்குவார்கள். இந்த டப்பாவின் முன்னால் மட்டும் பேந்தப் பேந்த விழித்தேன்.

பண்ணை எருமப்பட்டிக்கு இந்தப் பக்கம். ரோட்டோரம் வீடு, அதன் பின்னால் நீளமாகக் கோழி ஷெட், ஷெட் முடிகிற இடத்தில் முட்டை ரூம், அதன்மேல் மகன் கல்யாணத்துக்கென்று கட்டிய மாடி அறை. மகனுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. அவன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த பெண், வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஜலகண்டாபுரத்துக்காரி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். நெட் ஒழுங்காக இருக்கும்வரை இங்கேயே இருக்கலாம், அடிக்கடி அறுந்தால் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவள் போனால் மகனும் போவான். அப்புறம் நானும் கோழிகளும்தான்.

வீட்டு ஹாலில் இருக்கும் ரூட்டரின் நெட் மாடி அறைக்கு எட்டவில்லை. நடுவில் இத்தனை இரும்புக் கூண்டும் தகரமும் இருந்தால் எப்படி எட்டும் என்றார் நெட்டுக்காரர். ஒருநாள் பொழுது சாய வந்தார். ரூட்டரிலிருந்து ஷெட் ஓரமாகவே கேபிள் இழுத்து, கடைசித் தூணில் டப்பாவை மாட்டி, கேபிளை அதில் செருகி, தூணிலேயே இருந்த பிளக்கில் கரண்டு கொடுத்தார். மூன்று விளக்கும் பச்சையாக எரிந்தன. மாடியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்து, "சூப்பரா வருதுங்கத்தே!" என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை அவள் வேலைக்கு உட்கார்ந்ததும் மேலேயிருந்து குரல். "அத்தே, நெட் வரலீங்க."

போய்ப் பார்த்தால் டப்பாவில் ஒரு விளக்குகூட இல்லை. செத்துக் கிடந்தது. சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு தட்டுத் தட்டினேன். வீட்டுக்கு ஓடினால் ரூட்டர் அது பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சரி, இதிலிருந்து கேபிள் வழியாக அங்கே ஏதோ போகவில்லை என்று நானே முடிவு கட்டினேன். ரூட்டரின் முதுகில் மஞ்சள் ஓட்டைகள் சில, நீல ஓட்டை ஒன்று. நீலத்தில் இருந்ததை மஞ்சளுக்கும் மஞ்சளில் இருந்ததை நீலத்துக்கும் மாற்றிச் செருகினேன். அவ்வளவுதான், வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நெட்டும் நின்றுபோனது.

நெட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங்கக்கா, டப்பாவுக்குக் கரண்டு வருதுங்களா?" என்றார்.

"சுவிட்ச் போட்டுத்தான கெடக்குது! கரண்டு வராம எங்க போயிரும்?"

"செரிங்கக்கா, பொழுதோட வாரேனுங்க."

சொன்னபடி பொழுது சாய வந்தார். வீட்டில் நான் மாற்றியதைச் சரிசெய்துவிட்டுத் தூணுக்குக் கூட்டிப்போனால், மூன்று விளக்கும் ஜம்மென்று எரிகின்றன! அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது?"

"காத்தால செத்துக் கெடந்துச்சுங்க! நான் என்ன பொய்யா சொல்றேன்?"

அவர் கேபிள் முனையை வெட்டிப் புதுக் கிளிப் மாட்டிவிட்டுப் போனார். பார்வையிலேயே தெரிந்தது, எனக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைக்கிறார்.

அடுத்த நாள் விடியுமுன் ஷெட்டுக்குப் போனேன். எப்போதும்போலப் பல்புகள் தானாக எரிந்துகொண்டிருந்தன. டப்பாவிலும் பச்சை விளக்கு. "இப்படியே இரு சாமி" என்று அதனிடம் வாய்விட்டே சொன்னேன். மருமகள் வேலைக்கு உட்கார்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால் அது செத்துக் கிடந்தது. தினமும் இதே கூத்து. விடியுமுன் உயிர், வேலை நேரத்தில் பிணம், பொழுது சாய்ந்தால் மறுபடி உயிர்.

வெயில்தான் காரணம் என்று ஒருநாள் தோன்றியது. தகரத்துக்குக் கீழே பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தால் வேகாதா? முட்டை அட்டைகளை வெட்டி மேலே கவிழ்த்துக் கட்டினேன். அடுத்த தரம் வந்த நெட்டுக்காரர், "இதென்னங்கக்கா, டப்பாவுக்குத் தொப்பியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அடாப்டரை மாற்றினார். பயனில்லை. எலி கடித்திருக்குமோ என்று கேபிள் நெடுகக் குனிந்துகொண்டே போனேன். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மருமகளே எதையாவது அமுக்கி வைக்கிறாளோ என்றுகூட நினைத்தேன்.

நெட் இல்லாத பகலில் அவள் கீழே முட்டை ரூம் வாசலுக்கு வந்துவிடுவாள். வீட்டு ஹாலில் வேற்றாட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், அவர்கள் கண்ணில் படும்படி வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். போன் சிக்னலும் இங்கேதான் கிடைக்கும். பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து, அடுக்கிய முட்டை அட்டைமேல் லேப்டாப்பை வைத்து, போனிலிருந்து நெட் எடுத்து ஒப்பேற்றுவாள். அதுவும் விட்டு விட்டுத்தான் வரும். எதிரே நான் கீறல் முட்டையைத் தனியே பொறுக்கிக்கொண்டிருப்பேன். இந்தக் கோழிச் சத்தத்தில் எப்படி வேலை ஓடுகிறது என்று கேட்டதற்கு, "தறிச் சத்தத்துலயே படிச்சவளுங்கத்தே, இதெல்லாம் ஒரு சத்தமா?" என்றாள். இன்னொரு நாள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "பின்னால என்ன சத்தம்னு மேனேஜர் கேட்டாருங்க. என்னோட டீமுனு சொல்லிட்டேன்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முட்டை உடைந்தது. அந்த ரூமில் நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! சாயங்காலம் முட்டை ரூம் மூலையிலிருக்கும் அடுப்பில் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றும்போது மனசு நிறைந்திருக்கும்.

ஆனால் அங்கேதான் எனக்குக் குழப்பமே. நெட் அறுந்தால் பிழைப்பு போகிற பெண் அழ வேண்டாமா? என்னைப்போல் ஆத்திரப்பட வேண்டாமா? இவள் என்னடாவென்றால் நெட் போனதும் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு சிரித்த முகமாகப் படியிறங்கி வருகிறாள். பெங்களூர் போக நல்ல சாக்குக் கிடைத்தது என்று உள்ளுக்குள் சந்தோஷமோ? படித்த பெண், கோழி எச்ச நாற்றத்தில் எத்தனை நாள் கிடப்பாள்? கேட்டுவிடலாம்தான். "ஆமாங்கத்தே" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது, வருகிற மாதம் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்று. மகன் போனில் வாடகை வீடு பார்க்க ஆரம்பித்தான். "போறதுன்னா போங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். மருமகள் பின்னாலேயே வந்து அவற்றை எடுத்து அடுக்கினாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரமே ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் மத்தியானமே கும்மென்று இருட்டிவிட்டது. வாசலில் சாரல் அடிக்க, மருமகள் மாடிக்குப் போய்விட்டாள். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டை குறைக்கும். முட்டை ரூமிலிருக்கும் போர்டில் ஷெட் விளக்குகளைக் கையால் போட்டேன். பல்பெல்லாம் எரிந்தன. கொஞ்ச நேரத்தில் மேலே கதவு படாரென்று திறந்தது.

"அத்தே! நெட் வந்துருச்சுங்க!"

ஓடிப்போய்த் தூணைப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே மூன்று பச்சை விளக்கு. இந்நேரத்துக்கு இது எப்படி உயிர் பெற்றது? ஒன்றும் விளங்காமல் நின்றேன். வானம் கொஞ்சம் வெளுத்ததும், பல்பு எதற்கு வீணாக எரிகிறது என்று போர்டில் அணைத்தேன். "போயிருச்சுங்க!" என்று மேலிருந்து குரல். மறுபடி போட்டேன். "வந்துருச்சு!" அணைத்தேன். "ஐயோ, போயிருச்சு!"

போர்டின் முன்னாலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். முட்டைக்கோழிக்குச் சூரிய வெளிச்சம் மட்டும் போதாது என்பதால் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பிறகும் ஷெட்டில் விளக்கு எரியும். அதற்கு ஒரு டைமர் உண்டு. விடிந்ததும் அந்த லைன் முழுவதும் தானாக அணைந்துவிடும். தூணிலிருக்கும் பிளக்கும் அதே லைன்தான். அந்த டைமரை வருடக்கணக்காகத் திருகி வைக்கிற கை என்னுடைய கை! இதில் வெயில் என்றும் எலி என்றும் ஊரெல்லாம் பழி போட்டிருக்கிறேன்.

நெட்டுக்காரர் வந்து முட்டை ரூம் ஃபேன் லைனிலிருந்து தனியாகக் கரண்டு கொடுத்தார். "கோழிய எழுப்பறப்ப எங்க டப்பாவையும் எழுப்பி, வெளக்க அணைச்சா அதையும் தூங்க வெச்சிருக்கறீங்களேக்கா" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு அட்டை முட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

அதன்பிறகு நெட் அறுபடவே இல்லை. மருமகள் கம்பெனியோடு பேசினாள், அவர்களும் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மகன் வீடு பார்ப்பதை நிறுத்தினான். அன்றைக்கு நெய் விட்டு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டேன்.

ஆனால் மாடி அறைக் கதவு காலையில் சாத்தினால் பொழுது சாயத்தான் திறந்தது. முட்டை ரூம் வாசலில் பக்கெட் கவிழ்ந்தபடி கிடந்தது. ஒரு டம்ளர் டீயை மாடிப்படியில் வைத்துவிட்டு வருவேன். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, பிறகு எதற்கு எனக்கு இப்படி எரிச்சல் வருகிறது? கோழிகளைத் திட்டினேன். பாவம், அவை என்ன செய்யும்? தங்குவதற்கு அவள் சம்மதித்தாளா, வேறு வழியில்லாமல் தங்குகிறாளா என்பதும் எனக்குத் தெரியாமலே இருந்தது.

இப்படி ஒரு வாரம் போயிருக்கும். முட்டை ரூமில் டீக்குத் தண்ணீர் வைக்கிற நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். மருமகள் லேப்டாப் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள்.

"நெட் போயிருச்சுங்கத்தே."

"மறுபடியுமா! இரு, அந்த டப்பாவ இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்கறேன்" என்று எழுந்தேன். வாசலிலிருந்து பார்த்தாலே தூண் தெரியும். மூன்று விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

திரும்பினேன். அவள் பக்கெட்டை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் ஒரு முட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பி வர சித்த நேரமாகுமாட்ட இருக்குதுங்க" என்றாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன்.

"ஆமா சாமி, போயிருச்சாட்டத்தான் இருக்குது" என்றேன். "வரப்ப வரட்டும், நீ உக்காரு."