ஏழாவது ப்

தமிழய்யா எங்கள் அச்சகத்திற்கு வந்த முதல் நாளிலேயே என் பொறுமையின் அளவு எனக்குத் தெரிந்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பாய் நடத்திவந்த சிறிய அச்சகத்தில் நான் அச்சுக்கோப்பாளன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்தே தமிழ் கற்றவன். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்த அந்த மனிதர், தம் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழின் புரூப்பைக் கேட்டு வாங்கினார். இருபத்தோரு இடங்களில் சிவப்புப் பென்சிலால் திருத்தினார். அத்தோடு நின்றாரா? சுவரில் தொங்கிய காலண்டரையும் திருத்தினார்.

"சிதம்பரத்துல பிரஸ்ஸே இல்லீங்களா ஐயா? இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க?" என்றேன்.

"இருக்குதுப்பா. எவனும் என்னெ உள்ள விடமாட்றான்."

இதை அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை.

அவருடைய சண்டையெல்லாம் ஒற்றெழுத்துக்காகத்தான். இரண்டு சொற்களுக்கு நடுவே வரவேண்டிய க், ச், த், ப் ஒன்று விட்டுப்போனால், வீட்டுக் கூரையிலிருந்து ஓடு விழுந்ததுபோல் பதறுவார். கோத்த பக்கத்தைச் சட்டத்தில் முடுக்கி மெஷினில் ஏற்றிய பிறகு வந்து, "ஒரே ஒரு ஒத்துதான் சுப்புராயா" என்பார். அந்த ஒரே ஒரு ஒற்றுக்காக நான் முழு வரியையும் பிரித்துக் கோக்க வேண்டும். இவ்வாறு ஆறாண்டுகள் கழிந்தன.

1. இறவாதவரின் பத்திரிகை

ஒருநாள் ஒரு தாளை நீட்டி, "இதெக் கோத்து வை" என்றார். படித்துப் பார்த்தேன். பதினாறாம் நாள் சடங்கிற்கு அழைக்கும் காரியப் பத்திரிகை.

"யாரு ஐயா தவறிட்டாங்க?"

"இன்னும் யாரும் இல்ல. நான்தான்."

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். அவர் நிதானமாக விளக்கினார். "எம் புள்ள நடராஜன் லைன்மேன். கம்பத்துல ஏறுனா எந்தக் கம்பிய எதோட இணைக்கணும்னு அவனுக்குத் தெரியும். ரெண்டு சொல்லை இணைக்கத் தெரியாது. நான் போனப்புறம் அவன் எழுதிக் குடுக்கறதெ நீ அப்படியே கோத்துடுவே. அதான் இப்பவே குடுக்கறேன். தேதியெ மட்டும் காலியா வுடு. தப்பில்லாம வரும்னு வாக்குக் குடு."

கொடுத்தேன். கடைசிப் பஸ்ஸுக்குள் அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் கொடுத்த வாக்கு அது.

வயதானவர்களும் படிக்க வேண்டுமாம். பதினெட்டுப் பாயிண்ட் எழுத்தில்தான் வேண்டும் என்றார். அந்த அளவில் எங்களிடம் இருந்த ப் மொத்தம் ஏழு. அவர் பத்திரிகை ஏழையும் விழுங்கிவிட்டது. கோத்த எழுத்துகளை நூலால் கட்டி, தட்டில் வைத்து, அலமாரியில் ஏற்றினேன். அத்துடன் முடியவில்லை. மாதம் ஒருமுறை வந்து, புரூப் எடுக்கச் சொல்லி, தம் சாவுச் செய்தியைத் தாமே திருத்திச் செல்வார். "மகனுக்கு ஆசிரியராகவும், மாணவர்க்குத் தந்தையாகவும்" என்றிருந்த வரியோடு, "அச்சுக்கோப்பவர்க்கு நண்பராகவும்" என்று ஒருமுறை சேர்த்தார்.

"காரியப் பத்திரிகையில என்னெ எதுக்கு ஐயா இழுக்கறீங்க?"

"பொய்யா இருந்தா எடுத்துடு."

எடுக்கவில்லை. வரியைப் பிரித்து மறுபடி கோத்தேன்.

2. முகூர்த்த மாதம்

தை பிறந்ததும் கல்யாணப் பத்திரிகைகள் குவியும். எல்லோருக்கும் பதினெட்டுப் பாயிண்ட் எழுத்து வேண்டும். ப் இல்லாமல் "திருமணப் பத்திரிகை" என்று எப்படிக் கோப்பது? வேறு வழியின்றித் தமிழய்யாவின் கட்டிலிருந்து பிடுங்குவேன். அச்சிட்டு முடிந்ததும் திரும்பச் சொருகுவேன்.

பாய் ஒருநாள் பார்த்துவிட்டார். "யா அல்லா! கல்யாணத்துக்குக் காரிய எழுத்தா? பொண்ணு வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா நம்ம கடைய மூட வேண்டியதுதான். பிரிச்சுப் போடுய்யா அந்தக் கட்டெ!"

"வாக்குக் குடுத்துட்டேன் பாய்."

"உன் தமிழய்யா ரொம்ப ஜாஸ்தி பண்றாரு."

அந்த நேரத்திலேயே தமிழய்யா உள்ளே நுழைந்து, பல் விழுந்த வாய்போல் கிடந்த தம் பத்திரிகையைப் பார்த்தார். "என் 'இப்'பெல்லாம் எங்கய்யா?"

"கல்யாணத்துக்குப் போயிருக்குதுங்க."

"நல்லது. சாப்புட்டு வரட்டும்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தையில் ஏழாவது ப் மெஷினில் சிக்கி நசுங்கிவிட்டது. சென்னையிலிருந்து வரவழைக்கும்படி பாயிடம் கேட்டேன். "ஒரே ஒரு எழுத்துக்கா? பாப்போம்" என்றார். கடைசி வரியில், "கலந்துகொள்ளப் பணிவுடன் வேண்டுகிறோம்" என்ற இடத்தில் ப் இருந்த பள்ளத்தை எழுத்தில்லாத வெறும் ஈயத்துண்டால் அடைத்து வைத்தேன். எழுத்து வந்ததும் மாற்றலாம் என்பது எண்ணம்.

சில மாதங்கள் தமிழய்யா வரவில்லை. கால் வீக்கம் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது. "பயணம் செய்ய இயலவில்லை. புரூப் ஒன்று தபாலில் அனுப்புக." இவ்வளவுதான் எழுதியிருந்தார். நாற்பது முறை பார்த்த புரூப்! எரிச்சலோடு அட்டையை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பதில் எழுதவில்லை.

ஆறு வாரங்கள் கழித்து நடராஜன் தலை மழித்து வந்து நின்றார். "அண்ணே, அப்பா எல்லாம் உங்ககிட்ட குடுத்திருக்கறதா சொன்னாரு. இன்னிக்கே தபால்ல போட்டாத்தான் போய்ச் சேரும்." கட்டை இறக்கினேன். தேதியைச் சொருகினேன். கறுப்புப் பட்டை வைத்து முந்நூறு அச்சிட்டேன். புரூப் எடுக்கவில்லை. எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே.

3. முந்நூறு பென்சில்கள்

பதினாறாம் நாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தவிட்டுக்கடைக்காரர் அமர்ந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து அதே பத்திரிகையை எடுத்து வாசித்தார். கடைசி வரியில் நின்றார். உச்சுக்கொட்டினார். "எங்க வாத்தியாருக்கே இப்புடிப் போட்டிருக்கான் பாருங்க, பாவி" என்று என்னிடம் காட்டிவிட்டு, ஆடும் பஸ்ஸில் பென்சிலால் ஒரு ப் எழுதினார்.

அந்தப் பாவி நான்தான் என்று சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேட்டது ஒரே ஒரு வாக்கு. அதையும் தவறவிட்டேன். புரூப்பை அனுப்பியிருந்தால் படுக்கையில் கிடந்தபடியே பிடித்திருப்பார்.

வீட்டு வாசலில் நடராஜன் கையில் ஒரு கட்டுப் பத்திரிகைகளோடு நின்றார். எல்லாவற்றிலும் ப். பென்சிலில், நீல மையில், ஒன்றில் கரித்துண்டால்கூட.

"காலையிலேர்ந்து ஒவ்வொருத்தனா வந்து எங்கையில திணிக்கறான்ணே. எங்கப்பா காரியத்துக்கு வந்தானுங்களா, பரீட்செப் பேப்பர் திருத்த வந்தானுங்களா?" என்று சலித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கியது. "'மகனுக்கு ஆசிரியர்'னு நீங்க அச்சடிச்சது சரிதாண்ணே. எனக்கு அவுரு அப்பாவா இருந்தது கொறச்சல், வாத்தியாரா இருந்ததுதான் ஜாஸ்தி. எனக்குக்கூட அந்தத் தப்பு தெரிஞ்சுதுண்ணே. எனக்கே!"

"என் தப்புதான் நடராசு" என்றேன். அஞ்சலட்டையைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என்னை உள்ளே அழைத்துப் போனார். மாலையிட்ட படத்தின் முன்னே ஒரு பத்திரிகை, திருத்தப்படாமல் இருந்தது. "இதுல எழுத மட்டும் யாருக்கும் கை வரல. நீங்க போடுங்க." தமிழய்யாவின் சிவப்புப் பென்சிலையே எடுத்துக் கொடுத்தார், விரலளவு துண்டு.

இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அச்சுக்கு வரும் புதிய மேட்டரில் தவறு நேராது, கண் விழித்திருக்கும். மனப்பாடமான மேட்டருக்குத்தான் கட்டாயம் புரூப் எடுக்க வேண்டும். கேட்டவர் எவ்வளவு தொல்லை கொடுத்தவராயினும் அனுப்பிவிட வேண்டும்.

குனிந்து, கடைசி வரியில் ப் எழுதிப் புள்ளி வைத்தேன். நிமிர்ந்து படத்தைப் பார்த்தேன். தவறைக் கண்ட அந்த முகத்தை எனக்குத் தெரியாதா? புள்ளி சற்று வலப்புறம் தள்ளி விழுந்திருந்தது.