மேல் தட்டில் எந்த டிஸ்க்?

போன வாரம் எங்கள் மில் ஆபீஸில் ஆயுத பூஜை. கம்ப்யூட்டர் வந்த பிறகு வரும் முதல் ஆயுத பூஜை. விடுவோமா?

தென்காசிக்கு வெளியே இருக்கிறது எங்கள் நூல் மில். நான் கணக்குப் பிரிவு. ஹெட் கிளார்க் சண்முகம் அண்ணாச்சிக்குச் சுத்தம் என்றால் உயிர். லாரியைக் கழுவியாச்சு, டைப்ரைட்டரைத் துடைத்தாச்சு... கடைசியில் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு டிஸ்க்கையும் உருவிவிட்டார். சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறதாம்! மேலே ஒட்டியிருந்த அழுக்குச் சீட்டுகளையும் ஈரத்துணியால் தேய்த்து எடுத்து, அந்த இடத்தில் சந்தனம், குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அந்தச் சீட்டுகளில்தான் 'மெயின்', 'காப்பி' என்று எழுதியிருந்தது.

இந்த மிஷின் சங்கதியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று மேஜையில் மூன்று திரை. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் என்று தோன்றும். உண்மையில் இருப்பதோ ஒன்றே ஒன்று. டிஸ்க் செருக அதில் மேலும் கீழுமாக இரண்டு தட்டு. மூன்று பேர் அடிப்பதும் மேல் தட்டில் உள்ள மெயின் டிஸ்க்கில் போய்ச் சேரும். காப்பி எடுக்கச் சொன்னால், மேலே இருப்பதை அப்படியே கீழ்த் தட்டு டிஸ்க்கில் எழுதிவிடும். கீழே ஏற்கெனவே இருந்தது அழிந்துபோகும்.

ஒரு மாதமாகக் காப்பி எடுக்கவில்லை. ஏன்? விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து எடுக்கலாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதமும் ஆபரேட்டர் கல்யாணி தொழிலாளர் பட்டியலை அடித்துக்கொண்டிருந்தாள். புதுசாகக் கல்யாணமான பெண். புருஷன் குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர். மதுரையில் பிறந்த வீட்டில் தலை தீபாவளி. பட்டியலை முடித்தால்தான் லீவு என்பது மேலிடத்து உத்தரவு. முடித்துவிட்டாள். அது அழிந்தால்? தீபாவளி ஆபீஸில்தான்.

விஜயதசமி காலை. டிஸ்க் இரண்டும் உள்ளே போயாச்சு. அண்ணாச்சி கற்பூரம் காட்டிவிட்டுக் கல்யாணி பக்கம் திரும்பினார்.

"ம்... காப்பியப் போடு. நேரம் போவுதுல்லா?"

"எத மேல வச்சீங்க அண்ணாச்சி?"

"மெயினத்தான். ஒண்ணாம் நம்பர்னு மிஷினே சொல்லுதே!"

"மேல எத வச்சாலும் ஒண்ணாம் நம்பர்னுதான் சொல்லும். அது எடத்தப் பாத்துச் சொல்லுது."

"அப்ப எதுன்னு நீயே சொல்லு."

"எனக்கும் தெரியல அண்ணாச்சி. மாறிக் கெடந்தா என் பட்டியலே அழிஞ்சு போவும்."

எனக்கும் பகீரென்றது. மிஷினைக் குறை சொல்லி என்ன? மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நாமும்தான் வணக்கம் வைக்கிறோம் — ஆள் யார் என்று எங்கே பார்க்கிறோம்?

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணி அசையவில்லை. காப்பி எடுப்பதை விட்டுவிட்டு, மேல் டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்று திரையில் வரவழைத்தாள்.

அவள் அடித்த பட்டியலே அதில் இல்லை. மேலே இருந்தது பழைய காப்பி!

அண்ணாச்சியே இரண்டையும் உருவி, இடம் மாற்றிச் செருகினார். கல்யாணி மறுபடி பார்த்தாள். பட்டியல் முழுசாக வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேவிட்டாள். ராகு காலத்திலேயே காப்பி எடுத்தோம்.

அப்புறம் டிஸ்க்குகளுக்கு உள்ளேயே ஆளுக்கொரு பெயரை அடித்து வைத்தாள். இனி எந்தத் தட்டில் வைத்தாலும் தான் யார் என்று அதுவே சொல்லும்.

சாயங்காலம் லீவு லெட்டரை நீட்டினாள். அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். பேப்பரை உற்றுப் பார்த்தார்.

"கையெழுத்த எங்கன போடணும்மா... மேலயா, கீழயா?"