அவர் தட்டில் என் ரோல்ஸ்

ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஒருவரை ஒழுங்கு செய்யலாம், செலவு அரசாங்கத்துடையது என்று சமூக சேவகி சொன்ன அன்றே நான் வேண்டாம் என்றுவிட்டேன். எச்.ஐ.வி. கிளினிக்குக்குள் நான் நுழைவதை ஒரு தமிழ்க் கண் பார்த்தாலே போதும். நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் காலையில் பிறந்த கதை மத்தியானத்துக்குள் பக்கத்து வில்லரேக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அந்த வாய்கள்தான் எனக்குச் சோறும் போட்டன. கணவர் நியூமோனியாவில் போனார் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, பிறந்தநாள்களுக்கும் பெரியபிள்ளையான பெண்களின் சாமத்திய வீடுகளுக்கும் ரோல்ஸும் வடையும் செய்து கொடுத்துத்தான் மகளை வளர்த்தேன். அவர் விட்டுப்போன நோய் எனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால், என் கைபட்டதை யார் தின்பார்கள்? சாப்பாட்டால் தொற்றாது என்று டாக்டர் சொன்னார்தான். டாக்டரா எனக்குப் பலகார ஓடர் தருகிறார்?

புது மருந்துகள் வந்தபோது என் பிடிவாதம் உடைந்தது. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டிய குளிசையை நான் நாள்தோறும் சோற்றோடு விழுங்கியிருக்கிறேன். என் அரைகுறைப் பிரெஞ்சு அவ்வளவுக்குத்தான் உதவியது. டாக்டர் ஏசவில்லை. அடுத்த முறை நான் போனபோது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்திருந்தார்.

கதவு திறந்தது. வந்தவர் சென்னைக்காரப் பெண், பொட்டு வைத்தவர். எங்கள் தேவாலயப் பக்கம் வராதவர் என்றதில் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இங்க பேசறது எதுவும் இந்த ரூமை விட்டு வெளியே போகாதும்மா" என்றார்.

"ஓம்" என்றேன். நம்பவில்லை.

அடுத்த மாதம் வில்லரேயில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள். நான் செய்துகொண்டு போன ரோல்ஸை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி கூட்டிக்கொண்டு வந்த விருந்தாளியைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அதே மொழிபெயர்ப்பாளர்.

"இவ மேல்வீட்டு அன்ரி. அன்ரி, இந்த அக்காதான் எல்லாம் செய்தவ."

முதல்முறை பார்ப்பவரைப்போல் எனக்கு வணக்கம் சொன்னார். வாயைத் திறக்கமாட்டார் என்று அப்போது நம்பினேன். ஆனால் வாய் சொல்லாததைத் தட்டு சொல்லிவிடுமே! வீட்டுக்காரி இரண்டு ரோல்ஸை அவர் தட்டில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். தட்டை மெல்ல மேசையில் வைத்தார்.

என் நோயை அறிந்தவர் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். அவரே தொடவில்லை.

"என்ன அன்ரி, சாப்பிடேல்லையே?" வீட்டுக்காரி விடுகிற ஆள் இல்லை. பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன்.

"உள்ள மட்டனாம்மா? நான் சைவம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பண்ணினதுல சைவமா ஏதாவது இருக்கா?"

கடலை வடையை நீட்டினேன். நின்றபடியே கடித்தார். இன்னொன்றையும் தானே எடுத்தார்.

"நல்லா மொறுமொறுன்னு இருக்கே! எம் பையனுக்கு நாலு கட்டித் தாங்களேன்."

தன் பிள்ளைக்குக் கேட்கிறார். கடதாசியில் சுற்றும்போது என் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு வடை உருண்டு கீழே விழுந்தது.

"என்னக்கா, கை நடுங்குது? ஏதும் வருத்தமோ?" என்றாள் வீட்டுக்காரி.

நோயா என்ற, இத்தனை காலமும் நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. ஆயத்தமாக வைத்திருந்த பொய்களில் ஒன்றாவது நாக்குக்கு வரவில்லை.

"காலையிலேர்ந்து அடுப்புல நின்னிருக்காங்க. நடுங்காம என்ன செய்யும்?" கிளினிக்கில் சொல்வதைப் போலவே எனக்காக அவர் பதில் சொன்னார்.

வீட்டுக்காரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் அதில் உட்கார்ந்து அழுதேன். களைப்பு என்று எல்லோரும் நம்பினார்கள்.