பிரியந்தி ஓட்டுநர் உரிமம் பெற்ற வரலாறு

என் சின்னம்மாவின் மகள் பிரியந்தி, முதியோரை அவரவர் வீட்டுக்கே சென்று பராமரிக்கும் பணியில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறாள். தென் லண்டனின் சட்டனில் காலை ஏழு மணிக்கு முதல் வீடு. பிற்பகலுக்குள் ஆறு வீடுகள். பேருந்திலும் கால்நடையாகவுமே அவற்றைச் சுற்றிவந்தாள். 2023 ஜனவரியில் நிறுவனம் கடிதம் அனுப்பியது: அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல், வண்டி ஓட்டுவோருக்கே வீடுகள் ஒதுக்கப்படும். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவள்.

எழுத்துத் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். தோற்ற தாள்களையும் அச்செடுத்து வந்து, குடும்பக் கோப்பில் வைக்குமாறு என்னிடம் தந்தாள்.

"பாஸ் பண்ணினதைத்தானே வைக்கிறது?" என்றேன்.

"இதையும் வையுங்கோ அண்ணை. நாளைக்குத் தனுஷியா சோதனையில கோட்டை விட்டால் எடுத்துக் காட்டலாம்."

தனுஷியா அவளுடைய மகள். கீழே வரும் தேதிகளை அக்கோப்பைப் பார்த்தே எழுதுகிறேன்.

முதல் வண்டித் தேர்வு 2023 ஜூலை 11. ரவுண்டபவுட்டில், அதாவது சாலை வட்டத்தில், வந்த வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு நின்றாள். பின்னால் ஒன்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன; தேறவில்லை. பயிற்சி கொடுத்த ஜம்புநாதன் மதுரைக்காரர். "பந்தி பரிமாறவா வந்தீங்க அக்கா, எல்லாரும் போன பிறகு நாம போறதுக்கு? நம்ம முறை வந்தா போயிடணும்" என்றார்.

இரண்டாம் தேர்வு நவம்பர் 28. சொந்த வண்டியிலேயே போனாள். அவள் கணவர் யோகராஜா, பிள்ளையார் கோயிலில் அருச்சனை செய்வித்த தேசிக்காய் (எலுமிச்சம்பழம்) ஒன்றை ஸ்டியரிங்கின் முன்பக்கத் தட்டில் வைத்திருந்தார். ஒரு திருப்பத்தில் தேசிக்காய் கீழே உருண்டு விழுந்தது; சிவப்பு விளக்கைக் கண்டு அவள் வேகத்தைக் குறைத்தபோது பிரேக்கின் அடியில் சிக்கியது. எவ்வளவு மிதித்தும் பிரேக் முழுதாக இறங்கவில்லை. தேர்வு அதிகாரியே கைப்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினார். தேர்வு அங்கேயே முடிந்தது.

அன்று மாலை யோகராஜா அவளைப் பார்க்கவே கூசினார். "இனிக் காணும், விடும். டூட்டிங்கில ஒரு கடையில ஆள் தேடுகினம்" என்றார்.

"கடைக்குப் போனால் என்ர ஆறு வீட்டையும் ஆர் பாக்கிறது? தேசிக்காய்தான் பெயில். நான் இல்லை."

அடுத்த தேர்வுக்கு நாள் எளிதில் கிடைப்பதில்லை. யாராவது கைவிட்ட நாள் அகப்படுமா என்று தினமும் விடிந்ததும் கைபேசியைத் துழாவினாள். ஜம்புநாதனின் பயிற்சி வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான். ஆகவே வீட்டுக்கு வீடு போகும் பேருந்துகளில் மாடிக்கு ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணெதிரே முழுச் சாலையும் தெரியும். பேருந்து திரும்புமுன் "கண்ணாடி, சிக்னல்" என்று முணுமுணுப்பாள். மடிமேல் கைகள், இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பும். ஒருமுறை பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாராம். அந்தக் குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. ரவுண்டபவுட்டில் பேருந்து எந்த இடைவெளியில் நுழைகிறது என்பது அவளுக்கு மனப்பாடமாயிற்று.

கைவிடப்பட்ட நாள் ஒன்று அகப்பட்டது: 2024 மார்ச் 19. ஏப்ரலுக்குப் பதின்மூன்று நாட்களே இருந்தன. தவறினால் இன்னொரு தேர்வுக்கு நேரமில்லை.

அன்று காலை யோகராஜா மறுபடியும் தேசிக்காயுடன் வண்டியருகே நின்றார்.

"இஞ்சாருங்கோ, அதை இஞ்ச தாங்கோ."

"கோயில்ல வைச்சு எடுத்ததப்பா, எறிஞ்சு போடாதையும்."

"எறியேல்லை. வைக்க வேண்டிய இடத்தில வைக்கிறன்."

குனிந்து அதை முன்சக்கரத்தின் அடியில் வைத்தாள். ஏறி உட்கார்ந்து, நசுக்கிக்கொண்டு புறப்பட்டாள். பக்கத்தில் இருந்த ஜம்புநாதன், "ஆமா, எலுமிச்சம்பழத்துக்கு அதுதான் சரியான சீட்டு" என்றார்.

ரவுண்டபவுட்டில் அவள் ஒரு வண்டியை மட்டும் போகவிட்டு, அடுத்த இடைவெளியில் நுழைந்தாள். சிறு பிழைகள் ஏழு; பதினைந்து வரை பொறுப்பார்கள், தேறிவிட்டாள்.

ஏப்ரல் முதலாம் தேதி காலை, முதல் வீட்டு வாசலிலிருந்து யோகராஜாவை அழைத்தாள்.

"என்ன, வழி மாறிப் போட்டீரோ?"

"இல்லை, வந்திட்டன். பஸ்ஸுக்கு வெளிக்கிடுற நேரத்துக்கே வெளிக்கிட்டிட்டன். அந்த அம்மா கதவு திறக்க இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு."